கிழப்பூனையின் கடைசி மாதங்கள்

பன்னிரண்டு வயதைத் தாண்டிய வீட்டுப் பூனை திடீரென்று நிறையத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் யாரும் பதறுவதில்லை. வெயில் அதிகம் என்பார்கள். நல்லதுதானே, குடிக்கட்டும் என்பார்கள். குளியலறை வாளியில் வாய் வைக்கிறது, சொட்டும் குழாயடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, மண் தட்டில் ஈரக் கட்டிகள் முன்பைவிடப் பெரிதாகின்றன. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் வழக்கப்படியே இருப்பதால் இதை நோயென்று நினைக்கத் தோன்றுவதில்லை. வயதான பூனைகளை அதிகம் தாக்கும் நோய்களில் ஒன்றான நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு பெரும்பாலும் இந்தத் தாகத்தில்தான் முதன்முதலாக வெளியே தெரிகிறது.

பூனையின் மூதாதை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை. இரையின் உடலில் இருக்கும் ஈரத்தையே நம்பி வாழ்ந்த அந்த இனம், சிறுநீரை நம்மைவிடப் பல மடங்கு கெட்டியாக்கி நீரைச் சேமிக்கும் சிறுநீரகத்தைப் பெற்றிருந்தது. நம் வீட்டுப் பூனைக்கும் அதே சிறுநீரகம்தான். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழல்கள். மனிதச் சிறுநீரகம் ஒன்றில் சுமார் 10 லட்சம். இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஓய்வுபெற்றவர்களின் இடத்துக்கு ஆள் போடாத அலுவலகத்தில் மிச்சமிருப்பவர்கள் கூடுதல் நேரம் உட்கார்ந்து வேலையை முடித்துவிடுவதால் வெளியாட்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை அல்லவா, சிறுநீரகமும் அப்படித்தான் சமாளிக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரான்கள் போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் திறன் குறைகிறது. நீர் வீணாக வெளியேறுகிறது. அதை ஈடுகட்டத்தான் பூனை குடிக்கிறது. முக்கால் பங்கு போன பிறகே இரத்தத்தில் கிரியாட்டினின் ஏறுகிறது. எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை இதைவிட முன்னதாகக் காட்டும். ஆனால் அதை எல்லோரும் எடுப்பதில்லை.

'முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்' என்று மருத்துவமனை வாசலில் அழுபவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அவர்கள் கவனக்குறைவாக இருந்துவிடவில்லை. மூன்றில் இரண்டு பங்கு அழியும்வரை எதையும் வெளிக்காட்டாத உறுப்பு அது.

நோய் இருக்கிறது என்று தெரிந்ததுமே எல்லாம் முடிந்துவிட்டதாகவும் நினைக்கக் கூடாது. இந்த நோயை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இரண்டாம் நிலையில் பாஸ்பரஸ் குறைந்த உணவோடு வருடக்கணக்கில் நன்றாக வாழும் பூனைகள் உண்டு. இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த நோயோடு அதுவும் ஏறலாம். ஏறினால் விழித்திரை பிரிந்து, நேற்றுவரை பார்த்துக்கொண்டிருந்த பூனைக்கு ஒரே இரவில் பார்வை போய்விடலாம். மனிதர்கள் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரையே, மருத்துவர் சொல்லும் மிகச் சிறிய அளவில், இதைத் தடுக்கிறது.

நான் அதிகம் சொல்ல விரும்புவது நான்காம் நிலையைப் பற்றி. வடிகட்டப்படாத கழிவு இரத்தத்தில் தேங்கும்போது அது மூளைத்தண்டில் இருக்கும் வாந்தி மையத்தைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. பூனை பசியோடு கிண்ணத்தருகே வரும், மோந்து பார்க்கும், உதட்டை நக்கும், திரும்பிப் போய்விடும். இதைப் பார்ப்பவர்கள் 'அதுக்குப் பசியே இல்ல' என்கிறார்கள். பசி இருக்கிறது, கூடவே குமட்டலும் இருக்கிறது. வாயில் அம்மோனியா வாடை வீசும். ஈறிலும் நாக்கின் ஓரத்திலும் புண் வரும். சிறுநீரில் பொட்டாசியம் போய்விடுவதால் கழுத்துத் தசை தளர்ந்து, தலையைத் தூக்க முடியாமல் மோவாய் மார்பைத் தொடும். சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொயட்டின் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. அது குறையும்போது ஈறு வெளுக்கும், நாலு படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் ஓரளவாவது நிவாரணம் உண்டு. நோயைக் குணமாக்க முடியாத நிலையிலும் குமட்டலைக் குறைக்க முடியும், புண்ணின் எரிச்சலைத் தணிக்க முடியும், நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

நீரேற்றுவதை வீட்டிலேயே செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. என் அக்கா வீட்டுப் பூனை சிட்டுவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தார்கள். ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டில் தொங்கும். அதற்குமுன் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக் கதகதப்பாக்கி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்ப்பாள் அக்கா. "நீ முன்னங்காலைப் புடிச்சுக்கடா, இறுக்காதே" என்பாள். இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செருகுவாள். பூனைக்கு அந்த இடத்தில் தோல் தளர்வு, வலியுணர்வும் குறைவு. நீர் இறங்க இறங்கத் தோலுக்கடியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு மேடு எழும். சில நேரம் அது சரிந்து ஒரு பக்க முன்னங்காலுக்கு இறங்கி, பூனை ஒரு கால் வீங்கியபடி நடக்கும். சில மணி நேரத்தில் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். சிட்டு முதல் இரண்டு வாரம் கத்தியது. பிறகு பாட்டிலை மாட்டினாலே மடியில் வந்து உட்கார்ந்தது. ஏற்றிய மறுநாள் தனக்கு நன்றாக இருப்பதை அது கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம்மூரில் எந்த டிரிப்ஸையும் 'குளுக்கோஸ் ஏத்துறது' என்றுதான் சொல்கிறோம். மருந்துக் கடையில் அப்படிக் கேட்டால் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில் கைக்கு வரும். அதைத் தோலுக்கடியில் ஏற்றக் கூடாது. திசு புண்ணாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்புண்டு. தோலுக்கடியில் ஏற்றுவது ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புநீர்க் கரைசல்தான். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். தூங்கும்போது நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விட்டாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிப் போக வேண்டும்.

'ஒரு பூனைக்கு இவ்வளவா?' என்ற கேள்வி எப்படியும் வரும், பெரும்பாலும் உறவினர்களிடமிருந்து. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஒரு கல் குவாரியில் கிடைத்த புதைகுழியை அவர்களுக்குச் சொல்லலாம். 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய குழி அது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு சுமார் ஏழு மாத நாய்க்குட்டி ஒன்று. லைடன் பல்கலைக்கழக ஆய்வாளரும் கால்நடை மருத்துவருமான லுக் யான்சென்ஸ் தன் குழுவோடு அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார். பல் எனாமலில் இருந்த சிதைவுகள், அதற்கு டிஸ்டெம்பர் என்ற நோய் வந்து பல வாரங்கள் திரும்பத் திரும்பக் கடுமையாகப் படுத்ததைக் காட்டின. அந்த நோயில் விழுந்த குட்டி, யாராவது தண்ணீர் கொடுத்து, வாந்தியையும் கழிவையும் துடைத்து, சூடாக வைத்துக்கொள்ளாமல் அவ்வளவு நாள் உயிர் பிழைத்திருக்காது. வேட்டைக்கோ காவலுக்கோ உதவாத, நோய்ப்பட்ட குட்டி. அதைத்தான் பனியுகத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பக்கத்திலும் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், அது திருடர்களைக் கடித்ததும் கல்லிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பாசம் நேற்று முளைத்த நாகரிகமல்ல.

சாப்பாட்டு விஷயத்தில் மனதை இளக்கிக்கொள்ள வேண்டிய கட்டம் ஒன்று வரும். ஆரம்ப நிலைகளில் சிறுநீரகத்துக்கான உணவைக் கண்டிப்பாகக் கொடுத்தவர்கள், கடைசி வாரங்களிலும் அதே கண்டிப்போடு நிற்கத் தேவையில்லை. சத்தான உணவு சாப்பிடாத பூனையைவிட, பிடித்ததை இரண்டு வாய் சாப்பிட்ட பூனை நன்றாக இருக்கும். பூனைக்குச் சுவையைவிட வாசனைதான் பசியைக் கிளப்புகிறது. வேகவைத்த மீனையோ கோழியையோ உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, உப்பு சேர்க்காமல், தட்டையான தட்டில் கொஞ்சமாக வைத்தால் முகர்ந்து வரும். வாயைப் பிளந்து ஊட்டுவது வேண்டாம். குமட்டும் நேரத்தில் திணித்த உணவை அது பிறகு எப்போதுமே வெறுத்துவிடும். மூச்சுக்குழாயில் போகும் அபாயமும் இருக்கிறது. முதலில் குமட்டலுக்கு மருந்து, அரை மணி கழித்துச் சாப்பாடு. இந்த வரிசை மாறக் கூடாது.

வலிக்கு வருவோம். பூனை வலியை மறைக்கும் பிராணி. காட்டில் அது வேட்டையாடும் மிருகம் மட்டுமல்ல, பெரிய மிருகங்களுக்கு இரையும்கூட. நொண்டுவதைக் காட்டினால் உயிர் போகும். அதனால் வலியில் இருக்கும் பூனை கத்துவதில்லை, குறைத்துக்கொள்கிறது. அலமாரி மேல் ஏறாமல் நாற்காலியோடு நிறுத்திக்கொள்ளும். முதுகை நக்குவதை விட்டுவிடுவதால் அந்த இடத்தில் முடி சடை பிடிக்கும். மண் தட்டின் விளிம்பைத் தாண்ட வலிப்பதால் பக்கத்திலேயே போய்விடும். வீட்டில் திட்டும் விழும். 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. 'வயசாயிடுச்சு, அதான் சும்மா படுத்திருக்கு' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி வலிதான்.

கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2019இல் பூனையின் முகத்தை வைத்தே வலியை அளக்கும் முறை ஒன்றை வெளியிட்டது. காது, கண், மூக்கு-வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம் என்று ஐந்தைப் பார்க்க வேண்டும். காதுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் பக்கவாட்டில் திரும்புகின்றனவா, கண் இடுங்குகிறதா, வட்டமாக இருக்கும் வாய்ப்பகுதி இறுகி நீள்வட்டமாகிறதா, மீசை வளைவு போய் நேராக விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை. மொத்தம் 10இல் 4 வந்தாலே வலி மருந்து தேவை. இது திடீர் வலிக்கென்று செய்யப்பட்ட அளவுகோல். ஆனால் ஒரு வாரம் தினமும் இதை வைத்துப் பார்த்துப் பழகியவர்களின் கண் மாறிவிடும். புர்ர் என்று சத்தம் போடுவதால் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். வலியிலும் பயத்திலும், சாகும் தறுவாயிலும்கூடப் பூனை அந்த ஒலியை எழுப்பும்.

வலி இருக்கிறது என்று புரிந்த அன்று இரவு, டாக்டர் இல்லாத நேரத்தில், வீட்டு மருந்து டப்பாவைத் திறக்கத் தோன்றும். தயவுசெய்து திறக்காதீர்கள். பாராசிட்டமாலை நம் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலம் என்ற சர்க்கரைத் துணுக்கோடு இணைத்து வெளியேற்றுகிறது. அதைச் செய்யும் நொதிக்கான மரபணு பூனைக்குலத்தில் சிதைந்து செயலற்றுப் போயிருக்கிறது. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்ததால், தாவர நச்சுகளை முறிக்கும் அந்த வழி அவற்றுக்குத் தேவைப்படாமல் போயிருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் விளக்கம். வெளியேறாத மருந்து நச்சாக மாறி இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், அதைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், பூனை மூச்சுத் திணறும். ஒரே ஒரு மாத்திரை கொல்லப் போதும். அரை மாத்திரை, கால் மாத்திரை என்று பாதுகாப்பான அளவே கிடையாது. தெரியாமல் கொடுத்துவிட்டால் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரங்களுக்குள் போக வேண்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது. சிறுநீரகம் கெட்ட பூனைக்கு இவை நேரடியாக எமன். புப்ரினார்ஃபின், கேபாபென்டின் போன்ற தகுந்த மருந்துகளை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால் அந்த இரவைக் கடக்கலாம்.

பிறகு, யாரும் கேட்க விரும்பாத கேள்வி. எப்போது போதும்?

'தானா போகட்டும், நாம ஏன் பாவத்தைச் சுமக்கணும்' என்பது நம் வீடுகளில் வழக்கமான பதில். அதன் பின்னால் உள்ள கனிவை நான் மதிக்கிறேன். ஆனால் தானாகப் போவது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். சிறுநீரகம் முற்றிலும் நின்ற பூனை தூக்கத்தில் அமைதியாகப் போவது அபூர்வம். பல நாட்கள் குமட்டல், வாய்ப்புண், உடல் சூடு இறங்கிக் குளிர்தல், தசைத் துடிப்பு, சில நேரம் வலிப்பு என்று நீளும். அந்த நாட்களைக் குறைக்க வழி இருக்கும்போது குறைக்காமல் இருப்பதும் நாம் எடுக்கும் முடிவுதான். மனம் ஒப்பாதவர்களை வற்புறுத்தக் கூடாது. அவர்களுக்கும் வலிக்கும் குமட்டலுக்கும் கடைசி நிமிடம்வரை மருந்து கொடுக்கும் வழி இருக்கிறது. மருந்து எதுவுமில்லாமல் மூலையில் விட்டுவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் இதற்கென்றே ஓர் அளவுகோலைத் தந்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 70க்கு 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். எண்களை நான் பெரிதாக நம்பச் சொல்லவில்லை. தினசரிக் காலண்டர் தாளில் இரவு படுக்குமுன் 'நல்ல நாள்' என்றோ 'கெட்ட நாள்' என்றோ எழுதி வைப்பது இன்னும் உதவும். பாசத்தில் நேற்றைய கஷ்டம் இன்று சாப்பிட்ட ஒரு வாய் மீனில் மறந்துபோகும், தாள் மறக்காது. வீட்டில் எல்லோரும் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. அம்மா ஒன்று சொல்ல, பிள்ளைகள் வேறொன்று சொல்லிச் சண்டை போடும் வீடுகளில் முடிவெடுக்க இதுதான் ஒரே வழியாக இருந்திருக்கிறது.

முடிவெடுத்துவிட்டால், நடக்கப்போவதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நன்றாகச் செய்யும் மருத்துவர் முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி போடுவார். ஐந்து, பத்து நிமிடத்தில் பூனை மடியிலேயே உறங்கிவிடும். அதன்பிறகு இரத்தக் குழாயில் பார்பிட்யூரேட் வகை மருந்து. வெளிநாடுகளில் பென்டோபார்பிட்டால், இந்தியாவில் பல இடங்களில் தயோபென்டோன். மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அடக்கி வைக்கிறது. இந்த மருந்து அதன் வேலையைப் பலமடங்காக்குகிறது. முதலில் அடங்குவது உணர்வும் நினைவும் இருக்கும் மூளைப் புறணி. பிறகுதான் மூச்சு மையம், கடைசியாக இதயம். மூச்சு நிற்கும்போது அதை உணர உள்ளே யாரும் விழித்திருப்பதில்லை. கண் மூடாது. ஒரு நிமிடம் கழித்து ஒரு பெருமூச்சு வரலாம், மீசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். இவை உடலின் அனிச்சைகள். உயிர் திரும்பவில்லை, வலிக்கவும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால், அந்தப் பெருமூச்சு வருடக்கணக்கில் ஒருவரைத் தூங்கவிடாது.

ஊசிக்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "டாக்டர், முதல்ல முழுசா மயக்கம் கொடுத்துடுவீங்களா?" மெக்னீசியம் சல்ஃபேட்டையோ பொட்டாசியத்தையோ நினைவோடு இருக்கும் பிராணிக்கு நேரடியாக ஏற்றுவது கொடுமை, ஆழ்ந்த மயக்கத்துக்குப் பிறகு மட்டுமே அவற்றை ஏற்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். முடிந்தால் அறையிலேயே இருங்கள். பழகிய கையும் குரலும் வாசனையும் பக்கத்தில் இருந்தால் பூனை கலவரப்படுவது குறையும்.

உடலைக் குப்பைத் தொட்டியிலோ ஏரிக்கரையிலோ போடவே கூடாது. பார்பிட்யூரேட் எளிதில் சிதையாது. அந்த உடலைத் தின்னும் நாயும் கழுகும் அதிலேயே சாகலாம். இறந்த உடலில் தங்கும் மருந்து என்ன செய்யும் என்பதை இந்தியா ஏற்கெனவே பார்த்திருக்கிறது. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அவற்றின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்து, வெண்முதுகுப் பாறுகளில் 99 சதவீதத்துக்கு மேல் இல்லாமல் ஆக்கியது. காரணம் 2004இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று அவை பெரும்பாலும் மாயாறு பள்ளத்தாக்கோடு ஒதுங்கிவிட்டன. சொந்த இடம் இருந்தால், கிணற்றிலிருந்து தள்ளி, நான்கடி ஆழம் தோண்டிப் புதையுங்கள். இல்லாவிட்டால் பிராணிகளுக்கான தகன மேடை எங்கே இருக்கிறது என்று முன்பே விசாரித்து வையுங்கள். அன்றைக்கு விசாரிக்கும் தெம்பு இருக்காது.

வீட்டில் இன்னொரு பூனையோ நாயோ இருந்தால், புதைக்குமுன் அது வந்து மோந்து பார்க்க விடலாம். சில மோக்கும், சில திரும்பிக்கூடப் பார்க்காது. இத்தாலியில் 426 நாய் வளர்ப்பாளர்களிடம் கேட்டு 2022இல் வெளியிட்ட ஆய்வில், கூட இருந்த நாய் இறந்த பிறகு மிச்சமிருந்த நாயிடம் மாற்றம் தெரிந்ததாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, ஆளை விட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டது, சாப்பாடு குறைந்தது. வளர்ப்பவர்களின் துயரமும் அதில் கலந்திருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே கணக்கில் எடுத்திருக்கிறார்கள். மற்றபடி வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு, வழக்கமான இடத்தில் படுக்கை, அவசரப்பட்டு இன்னொரு குட்டியைக் கொண்டுவராமல் இருப்பது, இவ்வளவு போதும். மிச்சமிருக்கும் பூனை இரண்டு நாளுக்கு மேல் எதையும் தொடவில்லை என்றால் துக்கம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் தூக்கிப் போங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து. போகும்போது தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதற்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.